சம்பந்திக்காகப் படித்த இத்தாலியன்

அமெரிக்காவில் கேட்டி என்ற ஊரில் மகன் முகுந்தோடு இருக்கும் அபயாம்பாள் மாமி, அறுபத்தொரு வயதில் மறுபடி வாய்ப்பாடு ஒப்பிக்க ஆரம்பித்தார். பர்லாவோ, பர்லாவி, பர்லாவா. அந்த நாளில் பேசுவேன், பேசுவாய், பேசுவாள் என்று பழைய வழக்கத்தைச் சொல்கிற இத்தாலிய வினைகள். பக்கத்து வீட்டுக்காரி எனக்கே பாதி மனப்பாடம் ஆகிவிட்டது.

காரணம், மருமகள் எலேனாவின் அம்மா பிரான்கா. இத்தாலியில் நடந்த கல்யாணத்தில் மாமி மூன்று நாளும் வாயே திறக்கவில்லை. மாமிக்குத் தன் பெண்ணைப் பிடிக்கவில்லை என்று பிரான்கா முடிவு கட்டிவிட்டார். அதை எலேனாவே அழுதுகொண்டு சொன்னாள். இப்போது முகுந்த் வாங்கிய புது வீட்டின் கிரகப்பிரவேசத்துக்கு அந்த அம்மாள் நான்கு நாள் வருகிறார். இதை விட்டால் சரிசெய்யவே முடியாது என்று மாமிக்குக் கவலை.

தான் மொழிபெயர்ப்பதாக முகுந்த் சொன்னான். மாமி கேட்கவில்லை.

"நடுவுல நீ நின்னா, அது நீ சொன்னதாதான்டா இருக்கும்."

லைப்ரரி வகுப்பில் சேர்ந்து, முகுந்தின் சின்ன வயதைப் பற்றிப் பன்னிரண்டு வாக்கியம் எழுதி, டீச்சரிடம் கொடுத்துத் திருத்தி, நெட்டுருப் போட்டார். கடைசி வாக்கியம்தான் விஷயமே: அவ்வளவாகச் சிரிக்காத பிள்ளை, எலேனா வந்த பிறகுதான் சிரிக்கிறான்.

பால் காய்ச்சி முடித்ததும் புது அடுப்பருகே தொடங்கினார். முகுந்த் கொஞ்சமாகச் சாப்பிடுவான், தனியாக விளையாடுவான்... மூன்றாவது வாக்கியத்தில் பிரான்கா ஆசையாக ஏதோ கேட்டார். போச்சு. நம் ஊர் மனப்பாடத்தின் லட்சணம் தெரியாதா? நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்துதான். முகுந்த் கொஞ்சமாகச் சாப்பிடுவான் என்று மாமி திரும்ப ஆரம்பிக்க, பிரான்கா திரும்பக் குறுக்கே கேட்க, மூன்றாம் தடவையும் அதே கதை. அந்த அம்மாள் சற்று சும்மா இருக்கக் கூடாதா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

கடைசியில் பிரான்கா மெதுவாகக் கேட்டார்: "பெர்க்கே நோன் பர்லாவா?"

கல்யாணத்தில் நீங்கள் ஏன் பேசாமலே இருந்தீர்கள் என்று அர்த்தம்; மரியாதையாக 'நீங்கள்' என்பதற்கும் அதே பர்லாவாதான். விளக்க வந்த எலேனாவை மாமி கையைக் காட்டி நிறுத்தினார். கேள்வி புரிந்துவிட்டது. ஆனால் இதற்கு நோட்டில் பதில் எழுதவில்லை. முகம் சிவக்க, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பாவமாக இருந்தது.

"அவேவோ பவூரா," என்றார். எனக்குப் பயமாக இருந்தது என்று அர்த்தம்.

பிரான்கா டம்ளரைக் கீழே வைத்தார். தனக்கும் அப்படித்தான் என்றார். பிறகு வேகமாக ஏதோ சொல்லி மாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். அதை எனக்கு எலேனாதான் ஆங்கிலத்தில் சொன்னாள்: இவ்வளவு தூரத்தில் என் பெண் யாரோடு பேசுவாள் என்று கல்யாணம் முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன்.