பருத்தி வேண்டாம் என்று எழுதியிருந்தது

நடுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆறுதலாக இருக்கும். மழையில் நனைந்துகொண்டு பஸ்ஸுக்கு நிற்பவர், காய்ச்சலில் பல் தந்தியடிக்கப் போர்வைக்குள் கிடப்பவர், யாரானாலும் சரி. உடம்பு இன்னும் சண்டை போடுகிறது, விட்டுவிடவில்லை என்று நினைத்துக்கொள்வேன். நடுக்கம் நின்றுபோன உடம்பு ஒன்றை ஒரே ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். என் மச்சானுடையது. என் மனைவியின் அண்ணன்.

இரண்டாயிரத்தைந்து வாக்கில் ஒரு மே மாதம். அவருக்குத் திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் சொந்தமாகப் பனியன் கம்பெனி. எனக்கு வேறோர் எக்ஸ்போர்ட் ஆபீசில் மெர்ச்சன்டைசர் வேலை. சாம்பிளுக்கும் ஷிப்மென்ட்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருக்கிற வேலை. ஓடாத நாளிலும் எனக்கு இருப்புக்கொள்ளாது. கோவையில் ஒரு மலையேற்றக் குழு இமயமலையில் ஏழு நாள் நடக்க ஆள் சேர்க்கிறது என்று கேட்டதும், வீட்டில் சொல்லாமலே பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன். தனியாக அனுப்பமாட்டேன் என்றாள் மனைவி. அண்ணன் கூட வந்தால் போகலாம் என்றாள். மச்சான் மறுபேச்சில்லாமல் கிளம்பினார். என்னைப் பார்த்துக்கொள்ளத்தான் அவர் வந்தார். ஆனால் ரயிலேற்ற வந்தபோது மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏனுங்க, அண்ணனுக்கு எல்லாமே வெளையாட்டு. நீங்கதான் பாத்துக்கோணும்" என்றாள்.

குழுவிலிருந்து சாமான் பட்டியல் ஒன்று அனுப்பியிருந்தார்கள். கம்பளி உள்ளாடை இரண்டு செட், அல்லது செயற்கை நூலில் செய்தது. பருத்தி வேண்டாம். அந்த வரிக்குக் கீழே கோடு வேறு. மச்சான் அதைக் கம்பெனியில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். "பருத்தி வேண்டாம்னு திருப்பூர்க்காரனுக்கு எழுதறானுங்க, பாருங்க மாப்ள." கட்டிங் மேஜையைச் சுற்றி நின்றவர்கள் வெகுநேரம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை நான் மறைக்கக்கூடாது. பாலியஸ்டர் என்றால் முகம் சுளிக்கிற ஊர் எங்களுடையது. துணியை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தே கனம் சொல்லிவிடுகிற ஆள் அவர். உலகத்துக்கே உள்ளாடை தைத்துக் கொடுக்கிற நமக்கு யாரோ வந்து உள்ளாடை சொல்லித்தருவதா? நல்ல தடித்த துணியில், சுத்தப் பருத்தியில், முழுக்கை பனியனும் கால்சட்டையுமாக ஆளுக்கு ஆறு செட் தைத்தார். கழுத்தில் லேபிள்கூட வைத்தார்.

நான் மட்டும் டெல்லி ரயில் நிலையத்துக்கு வெளியே, நடைபாதையில், ஒரு முரட்டு அக்ரிலிக் ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டேன். அதற்காக மூன்று நாள் என்னை ஓட்டினார். இதைப் போட்டுக்கொண்டு எங்கள் தெருவில் நடந்தால் நாய் துரத்தும் என்றார்.

முதல் மூன்று நாளும் மலை எங்களிடம் பிரியமாகத்தான் இருந்தது. தேவதாரு வாசம், காலடியில் ஓடுகிற ஓடை, திரும்பின பக்கமெல்லாம் வெள்ளையாக ஒரு முகடு. முதுகில் பை கனத்தது. மனம் மிதந்தது. எங்கள் இருவரில் இந்தி தெரிந்தவர் மச்சான்தான், கம்பெனிக்கு வந்த பீகார்ப் பையன்களிடம் கற்றது. அதில் பாதி வேலை ஏவுகிற இந்தி. அதை வைத்துக்கொண்டு வழிகாட்டியோடு அவர் தோள்மேல் கைபோட்டு நடந்தார். எனக்கு அந்த மொழியில் எண்ணக்கூடத் தெரியாது.

நான்காம் நாள் காலையில் வானம் சாம்பலாக இருந்தது. குளிரும் என்று மச்சான் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு பனியன் போட்டார். நான் சோம்பலில் ஒன்றோடு நிறுத்தி, மேலே அந்த ஸ்வெட்டரை மாட்டினேன். ஏற்றம் செங்குத்து. அவர் கனத்த உடம்பு, வியர்த்துக் கொட்டியது. நான்கு பனியனும் அந்த வியர்வையைக் குடித்தன. பருத்தியின் குணம் அதுதானே. எங்கள் ஊர் வெயிலில் அதற்காகத்தானே அதைக் கொண்டாடுகிறோம்.

மதியத்துக்குப் பிறகு மூடுபனி இறங்கியது. பின்னாலேயே பனித்தூளும் மழையும் கலந்து, காற்றில் சாய்ந்து வந்தது. குழு முன்னால் போய்விட்டது. கடைசியில் நாங்கள் இருவரும் வழிகாட்டியும்தான். மச்சான் முதலில் நடுங்கினார், கை உதறுகிற அளவுக்கு. "குளிருதுங்களா மச்சான்?" என்றேன். குளிரைத் திட்டி ஏதோ தமாஷ் சொன்னார். சொல் கொஞ்சம் இழுத்தது. கால் தடுமாறியது. பிறகு நடுக்கம் நின்றது. பழகிவிட்டது என்று நான் நிம்மதியானேன்.

ஒரு பாறையில் உட்கார்ந்து ஜாக்கெட்டின் ஜிப்பை இறக்கினார். "புழுங்குது" என்றார். ஜாக்கெட்டைக் கழற்றிக் கீழே போட்டார். நான் எடுத்துப் போர்த்தப் போனேன். என் முகத்தைப் பார்த்தார். பார்த்தார் என்றா சொல்வது? கண் என்மேல் இருந்தது, அவ்வளவுதான்.

"டேய், மிசின நிறுத்துடா" என்றார். "நூல் அந்து ஓடுது. துணியெல்லாம் ஓட்ட உளுகுது, கண்ணு தெரியலியா?"

பத்து வருடத்தில் அவர் என்னை ஒருமையில் பேசியதில்லை. கோபத்தில்கூட 'சொல்லுங்க மாப்ள' என்பவர். அந்த 'டேய்' என்னை உலுக்கிப் போட்டது. அவர் அங்கே இல்லை என்று புரிந்தது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஏதோ ஒரு ஷிப்ட்டில் நின்று யாரையோ அதட்டிக்கொண்டிருக்கிறார். உடம்பு மட்டும் இங்கே, உதடு நீலம் பாரித்து. செத்துவிடுவார் என்று எனக்குள் ஒரு குரல் தெளிவாகச் சொன்னது.

வழிகாட்டி அவருடைய கைமடிப்பைப் பிடித்துப் பிழிந்தார். தண்ணீர் சொட்டியது, துவைத்த துணி மாதிரி. என்னைப் பார்த்து வேகமாக என்னென்னவோ சொன்னார். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. மொழிபெயர்க்க வேண்டிய ஆள் பாறையில் உட்கார்ந்து யாரிடமோ ஆர்டர் முடிந்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நான் தமிழில் அழுதேன். வழிகாட்டி இந்தியில் அதட்டினார். இருவருமாக மச்சானை இழுத்துக்கொண்டு, கொஞ்ச தூரத்தில் ஆட்டுக்காரர்கள் கல்லடுக்கிக் கட்டியிருந்த குடிலுக்குள் நுழைந்தோம்.

வழிகாட்டி செய்து காட்டினார், நான் செய்தேன். பனியனைக் கழற்று. அடுத்ததைக் கழற்று. ஈரம் தோலோடு ஒட்டி வர மறுத்தது. நாலாவதைக் கத்தியால் கிழித்தோம். தையல் நல்ல தையல், சுலபத்தில் விடவில்லை. வழிகாட்டி தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டார். தூங்கும் பைகள் பிளாஸ்டிக் உறைக்குள் காய்ந்திருந்தன. ஒன்றில் அவரைத் திணித்தோம். பிறகு வழிகாட்டி என் நெஞ்சைத் தொட்டார், பையைக் காட்டினார். நீயும் உள்ளே போ.

மச்சான் என்றால் கை குலுக்குவதற்கே யோசிக்கிற மரியாதை எங்களுடையது. வெற்றுடம்போடு அந்தப் பைக்குள் புகுந்து அவரைக் கட்டிக்கொண்டேன். ஆற்றில் கிடந்த கல்லைக் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. மூச்சு வருகிறதா என்று அவர் மூக்கருகே கன்னத்தை வைத்தேன். வந்தது. அடுத்தது வருவதற்குள் நான் ஏழெட்டு மூச்சு விட்டிருப்பேன். அந்த இடைவெளிகளில் மனைவியிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை ஆரம்பித்து ஆரம்பித்து விட்டேன். எந்த வார்த்தையில் தொடங்குவது? எந்தப் பெட்டியில் அவரை ஏற்றி, எத்தனை ரயில் மாறி?

எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் நெஞ்சுக்கு எதிரே ஏதோ அதிர்ந்தது. அவர் மறுபடி நடுங்க ஆரம்பித்திருந்தார், பை முழுக்கக் குலுங்குகிற மாதிரி. இதுதான் கடைசி என்று நான் கத்தினேன். வழிகாட்டியோ பல் தெரியச் சிரித்து, சர்க்கரை போட்ட வெந்நீரோடு வந்தார்.

மறுநாள் வெயில் பளிச்சென்று இருந்தது. மச்சான் குடில் வாசலில் உட்கார்ந்து ரொட்டி தின்றார். குழு போயிருக்கிற கணவாயைத் தாண்ட இரண்டே நாள், போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். நடந்ததைச் சொன்னேன். பாறையில் உட்கார்ந்ததற்குப் பிறகு அவருக்கு ஒன்றும் நினைவில்லை.

"நானு உங்களை டேய்னு சொன்னனுங்களா? சும்மா இருங்க மாப்ள."

வழிகாட்டியைக் கூட்டிவந்து அவரையே சொல்லச் சொன்னேன். அவர் கையை ஆட்டி ஆட்டி நீளமாகச் சொன்னார், கழுத்தைச் சாய்த்துச் செத்தமாதிரி காட்டினார். மச்சான் தலையாட்டிக் கேட்டுவிட்டு எனக்கு மொழிபெயர்த்தார்: "எனக்குக் கொஞ்சம் குளுந்துருச்சாமா."

அவரிடம் மிச்சமிருந்தது இரண்டு செட் பனியன். அதையும் போட்டுக்கொண்டு கிளம்புவார் என்று எனக்குத் தெரியும். மேலே கணவாயில் காற்று வெண்மையாகச் சுழன்றது. அவரிடம் அவரைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அப்போதுதான் அதைச் சொன்னேன்.

"மச்சான், எனக்கு பயமா இருக்குதுங்க. மேல வர முடியாது. என்னைக் கீழ கூட்டிட்டுப் போயிருங்க."

என்னைப் பார்த்தார். முகட்டைப் பார்த்தார். எழுந்து, என் பையில் கனமானதையெல்லாம் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளையைப் பாதி வழியில் தனியாக விட்டுப்போகிற ஆள் அவர் இல்லை.

இரண்டு நாள் இறங்கினோம். வழியெங்கும் ஒரு கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். கீழே முதல் எஸ்.டி.டி. பூத்தில் தங்கைக்குப் பேசினார். "மாப்ள கொஞ்சம் பயந்துட்டாரு அம்மிணி. அதான் எறங்கிட்டம். நீ எதும் கேட்டுக்காத." ரிசீவரை என்னிடம் கொடுத்தார். அப்படியா என்றாள் மனைவி. ஆமாம் என்றேன்.

இன்றைக்கும் கல்யாண வீட்டுப் பந்தியில் அவர் அதைச் சொல்வார், மாப்பிள்ளையை இமயமலையிலிருந்து தூக்காத குறையாக இறக்கிக்கொண்டு வந்த கதையை. சுற்றி உட்கார்ந்தவர்கள் சிரிப்பார்கள். "அப்பிடிங்களா?" என்று யாராவது என் பக்கம் திரும்புவார்கள். பயந்துட்டனுங்க என்பேன். அது பொய்யில்லை. அவர் பேசி முடிக்கிறவரை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன், ஒவ்வொரு சொல்லும் இழுக்காமல் முழுசாக வருகிறதா என்று.