சுரங்கச் சாலையில் ஒரு மெத்தை

விரைவுச்சாலைக் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு ‘வாயில்லாப்பூச்சி’ என்று பெயர். சுவர் முழுக்கக் கேமராத் திரைகள். எங்காவது வண்டி நின்றாலோ ஏதாவது விழுந்தாலோ கம்ப்யூட்டர் தானே கண்டுபிடித்து அலறும். அது நிஜமா என்று பார்ப்பது அவள் வேலை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா? மேக நிழல் விழுந்தால் விபத்து என்றது கம்ப்யூட்டர். பிளாஸ்டிக் பை பறந்தால் பாதசாரி என்றது. அவள் சலிக்காமல் பார்த்து, ‘பொய்’ என்ற பொத்தானை அழுத்துவாள்.

அன்று மதியம் சுரங்கச் சாலைக் கேமரா அலறியது. இது பொய்யில்லை. நடுப் பாதையில் ஒரு புது மெத்தை மல்லாந்து கிடந்தது. ஓரமாக நின்ற கார் அவளுக்குத் தெரிந்த கார். அதிலிருந்து இறங்கிய வழுக்கைத் தலையும் தெரிந்ததுதான்.

“கார் மேல கட்டிக்கிட்டு வர வேண்டாம்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே,” என்று முணுமுணுத்தாள்.

பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்தார். “யாரும்மா இந்த மகராசன்? மெத்தையோட சேந்து ஒரேயடியா தூங்கப் போறாரு!”

“எங்க வீட்டுக்காரர்.”

அவர் நாற்காலியைத் தன் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் அந்தப் பாதைக்குச் சிவப்பு விளக்கைப் போட்டாள். அப்படியும் சில வண்டிகள் மெத்தையை உரசிக்கொண்டு பறந்தன. கணவர் சாலையில் ஒரு காலை வைப்பதும் எடுப்பதுமாக, மெத்தையை எடுக்கச் சமயம் பார்த்துக்கொண்டிருந்தார். போன் செய்தாள், எடுக்கவில்லை. ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

“ஓட்டுநர்கள் கவனத்திற்கு. தயவுசெய்து யாரும் சாலையில் இறங்க வேண்டாம்.”

யாருக்கோ சொல்கிறார்கள் என்பதுபோல் கணவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு துணிந்து இறங்கிவிட்டார். வளைவில் ஒரு லாரி திரும்பியது.

“ஏங்க! எங்க போறீங்க? ஓரமா நில்லுங்க! ஒரு தடவ சொன்னா கேக்க மாட்டீங்களா?”

சுரங்கமே அதிர்ந்தது. கணவர் ஒரே தாவில் சுவரோடு பல்லியாக ஒட்டிக்கொண்டார். லாரி முக்கி முனகி மெத்தைக்கு முன்னால் நின்றது. காருக்குப் பின்னால் ஓரங்கட்டி வேடிக்கை பார்த்த ஆண்கள் அத்தனை பேரும் அவரவர் வண்டிக்குள் பாய்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். லாரிக்காரர், நின்றபிறகு, சீட் பெல்ட்டை மாட்டினார்.

மறுபடி போன் செய்தாள். இந்த முறை எடுத்தார்.

“மெத்தைக்கு ஒண்ணும் ஆகல,” என்றார், நல்ல சேதி சொல்வதுபோல.

அவளுக்குக் கோபம் வருவதற்குள் அழுகை வந்துவிட்டது. “இழுவை வண்டி வரும். அதுவரைக்கும் அந்த இடத்தை விட்டு அசையக்கூடாது.”

“சரி.” கொஞ்சம் தயங்கினார். “உக்காந்துக்கலாமா?”