லயத்தை வெட்டிச் செய்த வீடுகள்

மகள் நாலாம் வகுப்பு. பதுளை டவுன் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இடம் கிடைத்த நாளிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற தேயிலைத் தோட்டத்துக்காரி நான். என்னால் அவளுக்கு ஏதும் குறை வந்துவிடுமோ என்று பயம். டீச்சர் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டாலும் நாலு தரம் வாசிப்பேன்.

அப்படித்தான் 'எங்கள் ஊர்' என்ற குழுச் செயற்றிட்டம் வந்தது. பிள்ளைகள் சேர்ந்து ஒரு ஊரின் மாதிரி செய்ய வேண்டும். பெற்றோர் கைவைக்கக் கூடாது. கண்காட்சியன்று அவரவர் செய்ததைக் காட்டிப் பேச வேண்டும்.

என் மகளுக்கு வீடுகள். அவள் சவர்க்காரப் பெட்டிகளை ஒட்டி, நாங்கள் இருக்கிற தோட்டத்து லயத்தைக் கட்டினாள்: ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. கடைசிப் பெட்டியைத் தவிர மற்றதிலெல்லாம் ஒரு பக்கத்தை வெட்டி எறிந்தாள். "ரெண்டு காம்பராவுக்கும் நடுவுல ஒரு சுவருதானேம்மா" என்றாள். பால்மா பக்கெட்டின் வெள்ளித் தாளை மடித்து மடித்துத் தகரக் கூரை போட்டாள். நான் பசையைக்கூடத் தொடவில்லை.

எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டுவது குழுவில் ஒரு பிள்ளையின் வீட்டில், பஜாரில் கடைக்கு மேல். அந்தப் பிள்ளையின் அம்மா லயத்தை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தாள்.

"இது வேணாங்க. ஊருன்னா பாக்க அழகா இருக்க வேணாமா?"

"எங்க ஊரு இப்பிடித்தாங்க இருக்கு."

"அது உங்க ஊரு. டீச்சர் 'எங்கள் ஊர்'னுல்ல போட்டிருக்காங்க."

"அந்த எங்கள்ல எங்க மக இல்லீங்களா?"

"ரொம்ப யோசிக்கிறீங்க. வச்சிட்டுப் போங்க, சரிபண்ணிடுறோம்."

தோட்டத்துக்குப் போகும் நமுனுகுல பஸ் போய்விடும். வைத்துவிட்டு வந்தோம்.

கண்காட்சியில் பார்த்தால், அந்த அம்மா லயத்தைத் துண்டு துண்டாக வெட்டி, சிவப்புச் சாயம் அடித்து, பச்சைச் சாயம் பூசிய ரெஜிபோம் நுரைப் பலகையில் தனித்தனி வீடாக நட்டிருந்தாள். வாசலுக்கு வாசல் பூந்தோட்டம். ஒரு வீட்டைத் தவிர மற்றதற்கெல்லாம் ஒரு பக்கம் சுவரில்லை. திறந்த பக்கத்தைப் பின்னால் திருப்பி வைத்திருந்தாள். டீச்சர் ஒன்றைத் திருப்பிவிட்டார்.

"இதுக்கு ஏன் சுவர் இல்ல?"

"அது இந்தப் பிள்ளை செஞ்சதுங்க டீச்சர். அரைகுறை" என்றாள் அவள், என் மகளைக் காட்டி.

வாய் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயம். மகள் வீடுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பச்சையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பிய்ந்தது.

"பாருங்க டீச்சர் இவ வேலைய."

"இருக்கட்டுங்க. நீ பேசும்மா" என்றார் டீச்சர்.

மகள் பெட்டிகளை ஒட்ட வைத்துப் பிடித்துக்கொண்டாள். "இது லயம் டீச்சர். இது எங்க காம்பரா. பக்கத்துல இருமினா எங்களுக்குக் கேக்கும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

படியிறங்கும்போது அந்த அம்மா, "உங்க மகளுக்கு நல்ல வாயி" என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவள் ஒரு படம் போட்டாள்: பிடுங்குவதற்கு முன் எடுத்தது, சிவப்புக் கூரைகள், பூந்தோட்டம். கீழே 'எங்கள் ஊர்'. அம்மாமார் எல்லாரும் கட்டைவிரல் போட்டார்கள்.

நான் எடுத்த படத்தைப் போட்டேன். பிய்ந்த பலகை, சேர்ந்து நிற்கும் லயம், அதைப் பிடித்திருக்கும் மகளின் கை. அதே இரண்டு சொல்லைக் கீழே எழுதினேன். எழுத்துப் பிழை இருக்குமோ என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

எல்லாரும் பார்த்த அடையாளமாக நீலக் கோடு விழுந்தது. ஒருவரும் ஒன்றும் போடவில்லை. நான் அழிக்கவில்லை.