ஒற்றைக் கால் ஏணி

எண்பத்திரண்டாம் ஆண்டு, சாய்ந்தமருதில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. நான் ஓடாவி. கதவு, யன்னல், ஏணி என்று மர வேலை செய்து குடும்பம் நடத்தியவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. மூத்த மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் குடும்பத்தில் அந்த வகுப்பைக் கண்ட முதல் ஆள் அவள்தான். பரீட்சைக்கு மூன்று கிழமை இருக்க, மலேரியாக் காய்ச்சல் வந்து பாயில் விழுந்துவிட்டாள்.

கூடப் படித்த, பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவுப் பிள்ளை ஒருத்தி, மகள் தவறவிட்ட பாடங்களை எழுதிக்கொள்ளத் தன் கொப்பியை இரண்டு நாளைக்குக் கொடுத்தனுப்பினாள். மகளுக்குப் பேனை பிடிக்கக்கூடச் சீவன் இல்லை. எனக்குக் கையெழுத்து அழகாக வரும். வேலைக்குப் போகாமல், பிஸ்மி சொல்லி நானே எழுத உட்கார்ந்தேன்.

டி.என்.ஏ என்ற பாடம். பார்த்தால் முறுக்கிவிட்ட ஏணி! இரண்டு பக்கமும் கால், நடுவில் படிகள். ஒவ்வொரு படியும் இரண்டு துண்டு. அடினினுக்கு எதிரே தைமின், குவானினுக்கு எதிரே சைற்றோசின். மாற்றி வைத்தால் பொருந்தாது. நம் உடம்புக்குள் அல்லாஹ் இப்படி ஒரு பொருத்து வேலை வைத்திருக்கிறானே என்று மெய்சிலிர்த்தது. ஆனால் ஆர்.என்.ஏ என்ற பக்கத்தில் ஏணிக்கு ஒரு கால்தான் இருந்தது. அரைப் படிகள் சீப்புப் பல்லாக நீட்டிக்கொண்டு நின்றன. பாவம், பிள்ளை அவசரத்தில் பாதியில் விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். அடிமட்டம் வைத்து, மையால், மகளின் கொப்பியிலும் அந்தப் பிள்ளையின் கொப்பியிலும் நாலு இடத்தில் மற்றக் காலைப் போட்டுவிட்டேன். சொன்ன நாளில் கொப்பியைத் திருப்பியும் அனுப்பினேன்.

காய்ச்சல் விட்ட அன்று மகள் புரட்டிப் பார்த்தாள்.

“வாப்பா, ஆர்.என்.ஏக்கு ஆரு ரெண்டாவது கால் போட்ட?”

“நாந்தான் மகள். அந்தப் புள்ள மறந்திட்டா. அவட கொப்பியிலயும் போட்டுட்டன்.”

அவள் அழத் தொடங்கினாள். “அது ஒத்தைக் கால்தான் வாப்பா! அந்தக் கொப்பியப் பாத்து இன்னும் ரெண்டு பேர் எழுதுறாங்க!”

உதவி செய்த பிள்ளையின் பரீட்சையையே நான் கெடுத்துவிட்டேனே! பகல் தொழுகையான ளுஹரைத் தொழுதுவிட்டு சைக்கிளை எடுத்தேன். வழியெல்லாம் இறைவனிடம் துஆதான்.

அந்தப் பிள்ளையும் தாயும் முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். தாய் வாயைப் பொத்திச் சிரித்தா.

“காக்கா” என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டா, “எங்கட ஏணியும் ஒரு கால் உடைஞ்சி கிடக்கு. அதுக்கும் போட்டுத் தாங்க.”

பிள்ளை முன்பே கண்டுவிட்டாளாம். மற்ற இருவருக்கும் சொல்லியும்விட்டாளாம். காய்ச்சல் மயக்கத்தில் மகள்தான் கீறியிருப்பாள் என்று நினைத்திருக்கிறாள். புதுக் கொப்பி வாங்கி முழுவதையும் எழுதித் தருகிறேன் என்றேன்.

“வேணாம் மாமா, எழுதினா வேற பிழை வரும்” என்று சிரித்தவள், பிறகு சொன்னதுதான் எனக்கு மறக்காது. “நீங்க செஞ்ச வேலை பிழை இல்ல, இடந்தான் பிழை. டி.என்.ஏ ரெண்டாகிற நேரம் ஏணி நடுவால பிரியும். ஒவ்வொரு பாதியும் தனக்கு மற்றக் காலப் போட்டுக்கொள்ளும். ஆர்.என்.ஏ அப்பிடி இல்ல. ஏணியில தேவையான இடத்த மட்டும் பாத்து எடுத்த பிரதி. வேலை நடக்கிற இடத்துக்குச் சேதி கொண்டுபோக ஒத்தைக் கால் போதும்.”

எனக்குப் பளிச்சென்று விளங்கியது. கதவு நிலைக்கு அளவெடுக்கப் போனால் நானும் ஒற்றை மரச் சலாகையில்தானே குறி வைத்துப் பட்டறைக்குக் கொண்டு வருகிறேன்!

மறுநாள் அந்தப் பிள்ளை தாயோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். தன் பரீட்சைக்கும் நாள் கிட்டிவிட்டது. ஆனாலும் நான் எழுதியதை மகளின் பாய் ஓரம் உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தாள். இன்னும் ஆறு பிழை பிடித்தாள். அடுத்த நாளும் வந்தாள். மகள் படுத்தபடியே கேட்டுக் கேட்டுப் படித்தாள். அல்ஹம்துலில்லாஹ், இருவருமே பரீட்சையில் சித்தியடைந்தார்கள். காரைதீவு ஏணிக்குக் கால் போட்டுக் கொடுத்தேன். அது ஒரு கைம்மாறா?

பிரதி எடுக்கும்போது உடம்புக்குள்ளும் பிழை வருமாம்; பின்னாலேயே பார்த்துத் திருத்தவும் அங்கே ஒரு ஏற்பாடு உண்டாம். அதையும் அவள்தான் சொன்னாள். எனக்கென்று இறைவன் செய்த ஏற்பாடு காரைதீவில் இருந்து வந்தது என்று, அவளுக்காகக் கையேந்தும் போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.