வராத வண்டிக்கு மூடிய கேட்

செம்பூரைத் தாண்டி, வண்டி ஓடாமல் கிடந்த ஒரு பழைய ரயில் பாதையை, ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சில பேர் சம்பளமில்லாமல் சீர்செய்கிறோம். அதன் லெவல் கிராசிங் கேட்டில் துரு சுரண்டி, சிவப்பும் வெள்ளையும் அடித்தவன் நான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

கேட் முதன்முதலாக இறங்கிய அன்று வண்டி எதுவும் கிடையாது. எங்களிடம் இருந்த ஒரே எஞ்சினும் பழுதாகி ஷெட்டில் கிடந்தது. போட்டோ எடுக்கத்தான் கேட்டை மூடினோம். நடந்து வந்தவர்கள் வழக்கம்போல் குனிந்து நுழைந்து போய்விட்டார்கள். ஓர் ஆட்டோ மட்டும் மரியாதையாக நின்றது. பின்சீட்டில் ஒரு பெண், மடியில் எக்ஸ்ரே கவரோடு சாய்ந்திருந்தாள்.

அந்த மராத்தி ஊரில் நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்ட டிரைவர், தானும் தமிழிலேயே, "வண்டி வர நேரமாவுமா அண்ணாச்சி?" என்றார்.

போட்டோவுக்காக என்று சொல்ல வாய் வரவில்லை. "இதோ வந்துடும்" என்றேன்.

இன்னொன்று, இன்னும் ஒன்று என்று கால் மணி நேரம் போட்டோ எடுத்தோம். அவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துத் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நான்தான் சக்கரத்தைச் சுற்றிக் கேட்டைத் தூக்கினேன்.

ஆட்டோ என் பக்கத்தில் வந்து வேகம் குறைந்தது. "வண்டி கேன்சலாயிட்டு போல. பாவம், இந்த வெயில்ல நின்னது வீணாப் போச்சே உங்களுக்கு" என்றார் டிரைவர்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.