லைட் என்றால் பல்பு அல்ல

மின்வெட்டு மிகுந்திருந்த காலம். மராத்தி பேசும் ஊரான ஔந்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்தத்தை எழுதும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். எல்லோரும் "லைட் போனால் லைட் வேண்டும்" என்று இந்தியில் சொன்னதால், "விளக்குகளுக்கு மட்டும் மின்சாரம்" என்று துல்லியமாக எழுதி, கையெழுத்துக்கு முன் வாசித்தேன்.

நான்காம் மாடி மராத்தி அம்மா எழுந்தார். "அப்போ லிஃப்ட்? எங்க வீட்டுக்காரரை டயாலிசிஸுக்கு நீங்க தூக்கிட்டுப் போவீங்களா, அண்ணா?"

"நீங்க லைட்தானே கேட்டீங்க?"

"இங்க லைட்டுன்னா கரண்ட், அண்ணா. பல்பு இல்ல."

கூட்டம் சிரித்தது, நானும்தான். "விளக்குகளுக்கு மட்டும்" என்பதை அடித்துவிட்டு "லைட்" என்றே எழுதி, "லைட் என்பது லிஃப்டுக்கான மின்சாரமும் சேர்த்து" என்று விளக்கமும் எழுதிய பிறகே கையெழுத்திட்டோம்.

சொற்களை வரையறுப்பதில் இன்றும் நான் கெட்டிக்காரன்தான். ஆனால் வீட்டில் மின்சாரம் நின்றால், தமிழில் "கரண்ட் போச்சு" என்று சொல்லியே வளர்ந்த நான், இப்போது "லைட் போச்சு" என்கிறேன்.