நாற்பத்தாறு வயதில் ஒரு தோள்

என் மாமா ஜிம்மில் சேர்ந்தது அழகுக்காக இல்லை, ஆரோக்கியத்துக்காகவும் இல்லை. என் அக்காவைத் தூக்குவதற்காகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. எடை ஐம்பத்திரண்டு கிலோ, அதுவும் சாவிக்கொத்து, சில்லறை, மூக்குக்கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் சேர்த்து.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் மாலை மாற்றுவது என்று ஒரு சடங்கு உண்டு. பெண்ணை அவளுடைய தாய்மாமன் தோளில் தூக்கிக்கொள்வார். பிள்ளையை அவனுடைய மாமன் தூக்குவார். இரண்டு பேரும் மேலே இருந்தபடியே மூன்று முறை மாலை மாற்றிக்கொள்ள வேண்டும். கீழே இருக்கும் மாமன்கள் சும்மா நிற்கக் கூடாது. விலக வேண்டும், எக்க வேண்டும், எதிராளியின் மாலைக்குத் தப்பிப்பது போல் ஆட்டம் காட்ட வேண்டும். அப்பாவுக்கோ தம்பிக்கோ இதில் உரிமை கிடையாது. அம்மாவுக்கு ஒரே ஓர் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடு மந்தைவெளியிலேயே தங்கிவிட்டவர், அரசாங்க ஆபீசில் ஹெட்கிளார்க். அக்காவுக்கு சைக்கிள் கற்றுக் கொடுத்ததும், காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனதும் அவர்தான். அவளைத் தோளில் வைத்துக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. இதை அவரே பல முறை சொல்லி எங்கள் கழுத்தை அறுத்திருக்கிறார்.

தை மாதம் நிச்சயதார்த்தம் நடந்தது. பிள்ளையின் மாமன் வந்திருந்தார். ஆறடி உயரம், அதற்கு ஈடாக முன்பக்கம் ஒரு தொப்பை. காபியை ஆற்றிக்கொண்டே எங்கள் மாமாவை மேலும் கீழும் பார்த்தார்.

"பொண்ணைத் தூக்கப் போறது இவரா? பாத்து, பொண்ணு இவரைத் தூக்கிண்டுடப் போறா!"

கூடம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், ஜோக் நன்றாகத்தானே இருந்தது. மாமாவும் அக்காவும் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலமே அம்மா ஒரு யோசனை சொன்னாள். "அண்ணா, தாம்பரத்துல நம்ம சித்தப்பா பிள்ளை இருக்கானே, அவனும் இவளுக்கு மாமாதான். நல்ல வாட்டசாட்டம். அவன் தூக்கட்டும். நீ பக்கத்துல ஒரு கை குடுத்தாப் போறும்."

மாமா தட்டை நகர்த்தி வைத்தார். "நான் செத்துப் போயிட்டேனா?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு ஜிம்முக்குக் கிளம்பினார். தனியாகப் போகக் கூச்சம். ஒரு பொறுப்பான பெரியவர் மருமானைச் சேர்க்க வந்திருக்கிறார் என்று தெருவில் உள்ளவர்கள் நினைக்கட்டும் என்பது திட்டம். பறக்கும் ரயிலுக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்த சமயம் அது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு, ஆஞ்சநேயர் படத்துக்கு ஒரு சிவப்பு பல்பு எரியவிட்டு ஜிம் நடத்தினார்கள். மாஸ்டர் என் கையைப் பிடித்துப் பார்த்தார், பிறகு மாமாவின் கையைப் பிடித்தார். பிடித்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

"பையனுக்கு இன்னா வயசு சார்? பதினாறா? பொங்குற மாவு அது. மூடி வெச்சாலே காலீல வழிஞ்சிகினு நிக்கும். உங்க மாவு ஃபிரிட்ஜில கீது. பொங்காதுன்னு சொல்ல மாட்டேன். லேட்டாவும்."

"ஆவணியில முகூர்த்தம். அதுக்குள்ள தூக்கியாகணும்" என்றார் மாமா.

"இன்னாத்த தூக்கணும்?"

"என் மருமாளை."

மாஸ்டர் மாமாவை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார். தினம் ஆறு முட்டை சாப்பிடச் சொன்னார். எங்கள் வீட்டில் முட்டை என்பது பரீட்சையில் மட்டும் வாங்கக் கூடியது. ஆகவே முட்டைக்குப் பதிலாக மாமா கொண்டைக்கடலையைப் பிடித்துக்கொண்டார். காலையில் ஊறவைத்த கடலை, சாயங்காலம் சுண்டல், நடுவில் ஆபீஸ் டப்பாவில் வறுத்த கடலை. அந்த மாதத்திலிருந்து அப்பா கூடத்து ஜன்னலை ராத்திரியிலும் திறந்தே வைத்தார்.

தூக்க வேண்டிய எடை எவ்வளவு என்று தெரிய வேண்டுமல்லவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவை மாம்பலம் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய், விளக்குகள் சுழலும் எடை மெஷினில் ஏற்றினார். ரங்கநாதன் தெருவுக்குப் போகிற கூட்டம் முழுக்க இடித்துக்கொண்டு போக, மெஷின் அட்டையைத் துப்பியது. ஐம்பத்தாறு கிலோ. மாமாவை விட நாலு கிலோ கூடுதல். அட்டையின் பின்பக்கம் 'உங்கள் உழைப்புக்கு உரிய பலன் தாமதமாக வரும்' என்று ஜோசியம் வேறு. மாமா அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார். அக்கா எடையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜிம்மில் நடந்தது அநியாயம் என்றுதான் சொல்ல வேண்டும். நான் துணைக்குப் போனவன். மாஸ்டர் திரும்பினால் ரெண்டு தூக்குவேன், திரும்பாவிட்டால் கண்ணாடியில் தலை வாருவேன். மாமாவோ நெற்றியில் விபூதி கரைந்து ஓட, பல்லைக் கடித்துக்கொண்டு, வெறும் கம்பியோடு மல்லுக்கட்டினார். இரண்டே மாதத்தில் எனக்குப் புஜம் திரண்டு பள்ளிக்கூடச் சட்டை அக்குளில் கிழிந்தது. மாமாவின் கை போட்டது போட்டபடி இருந்தது. ஞாயிறுதோறும் அம்மாவின் இஞ்ச் டேப்பால் இருவரையும் அளப்பார். ஒரு வாரம் அவருக்குத் திடீரென்று அரை இஞ்ச் கூடியது. வீடு முழுக்கக் கையை மடக்கிக் காட்டிக்கொண்டு நடந்தார். முந்தின நாள் ஜிம்மில் தகடு விழுந்து கால்விரல் கிழிந்ததற்கு அந்தக் கையில்தான் டெட்டனஸ் ஊசி போட்டிருந்தார்கள் என்று அம்மா ஞாபகப்படுத்தினாள். புதன்கிழமைக்குள் வீக்கம் வடிந்துவிட்டது.

அதற்கெல்லாம் அசருகிறவர் இல்லை. கல்யாணத்துக்கு ஜிப்பா தைக்கப் பாண்டி பஜாரில் எங்கள் வழக்கமான டெய்லரிடம் போனோம். எனக்கு அளவெடுக்கும்போது, "வளர்ற பையன், கொஞ்சம் விட்டுத் தைங்கோ" என்றார் மாமா. அது எல்லாப் பெரியவர்களும் சொல்வது. தன் முறை வந்ததும் கையை நீட்டி, "இங்கேயும் விட்டே தைங்கோ. ஆவணிக்குள்ள வளந்துடும்" என்றார். டெய்லர் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன்.

வீட்டில் என் நிலைமை ராஜபோகம்தான். அடையாறில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அக்கா, தினமும் தன் தோசையில் பாதியை என் தட்டில் தள்ளினாள். "வளர்ற பையன் நீ, சாப்பிடு." சில நாள் டிபன் டப்பாவையே அப்படியே திருப்பிக் கொண்டுவந்து என்னிடம் கொடுப்பாள். நான் கேள்வி கேட்காமல் காலி செய்தேன். பதினாறு வயதில் உள்ளே போவதெல்லாம் சதையாகிவிடும், என்ன ஏது என்று அந்த வயது விசாரிக்காது. ஆடி மாதம் அவளுடைய ரவிக்கையை இரண்டாம் முறை பிடித்துத் தைக்கக் கொடுத்தபோது அம்மா, "கல்யாணக் கவலை, எல்லாப் பொண்ணுக்கும் இருக்கிறதுதான்" என்றாள்.

இதற்கிடையில் மொட்டை மாடியில் ஒத்திகை ஆரம்பித்தது. ஒரு கோணியில் அக்காவின் எடைக்குச் சரியாக அரிசியைக் கட்டினார் மாமா. வெறும் கோணி சொரசொரப்பாக இருக்கிறது, நிஜத்தில் பட்டுப்புடவை வழுக்குமே என்று யோசித்து, அம்மாவின் பழைய கூறைப்புடவையை அதற்குச் சுற்றினார். கொசுவம் கூட வைத்தார். விடிகாலையில் குனிவார், மூட்டையைத் தோளில் சரிப்பார், எழ முயல்வார், மூட்டையோடு உட்கார்ந்துவிடுவார். "மன்னிச்சுக்கோடீ குழந்தே" என்று அரிசியிடம் சொல்வார். அடுத்த மாடியில் வடாம் பிழிய வந்த மாமி, புடவை கட்டிய ஒன்றைக் கட்டிக்கொண்டு தரையில் கிடக்கும் பிரம்மச்சாரியைப் பார்த்துவிட்டு, மாவுப் பாத்திரத்தோடு கீழே ஓடினாள். அப்புறம் ஒரு வாரம் தெருவில் யாரும் மாமாவிடம் மணி கூடக் கேட்கவில்லை.

எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. முடியாது என்று உலகத்துக்கே தெரிகிற ஒன்றை ஏன் ஒரு மனிதர் இப்படிப் பிடித்துத் தொங்க வேண்டும்? எனக்கு வந்த புஜத்தில் பாதியைக் கழற்றிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துத் தொலைத்திருப்பேன்.

ஆனால் கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒரு காலையில் அவர் குனிந்தார், மூட்டையைச் சரித்தார், முட்டி கடகடவென்று ஆட, எழுந்துவிட்டார். நின்றார். வலது பக்கம் விலகினார். இடது பக்கம் விலகினார். மாலைக்குத் தப்பிப்பது போல் ஓர் எக்கு எக்கினார். கையைப் பார்த்தால் அதே குச்சிக் கைதான். டேப் வைத்தால் ஒரு நூல் கூடியிருக்காது. உள்ளே எங்கேயோ, யார் கண்ணிலும் படாமல், மாஸ்டரின் மாவு பொங்கியிருந்தது. நான் கத்திவிட்டேன்.

"சத்தம் போடாதே. யார்கிட்டேயும் சொல்லப்படாது, அக்காகிட்டேயும்தான். அவ அன்னிக்கு மண்டபத்துல தெரிஞ்சுக்கட்டும்" என்றார் மாமா. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

தி.நகர் மண்டபத்தில் முகூர்த்தத்தன்று காலை பிள்ளையின் மாமன் மாப்பிள்ளையை அனாயாசமாகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "ம், வரட்டும்!" என்றார். மாமா முன்னால் வந்தார். ஜிப்பாவின் கைகள் இரண்டும், வராத புஜங்களுக்காக விட்ட இடத்தில் காற்றை நிரப்பிக்கொண்டு ஆடின. தாம்பரத்து மாமா ஒரு கை கொடுக்க நெருங்கினார். மாமா முறைத்ததும் பின்வாங்கினார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு காமாட்சியைக் கூப்பிட்டாள். மாமா குனிந்தார். அக்கா தோளில் உட்கார்ந்தாள். ஐம்பத்தாறு கிலோவுக்குத் தயாராக வைத்திருந்த பலம் மொத்தத்தையும் போட்டு அவர் எழுந்தார்.

அக்கா பறந்தாள். வேறு வார்த்தை இல்லை. அவள் தலை மேலே தொங்கிய மல்லிகைச் சரத்தில் இடித்து, ஒரு சரம் அறுந்து நாதஸ்வரக்காரர்மேல் விழுந்தது. மண்டபம் ஓவென்று கத்தியது. பிள்ளையின் மாமனே வாயைப் பிளந்து, "பலே!" என்றார். மூன்று மாலையும் மாறின. நான் விசிலடித்து, அப்பாவிடம் தலையில் குட்டு வாங்கினேன்.

மாமா சிரிக்கவில்லை. விலகவில்லை, எக்கவில்லை, எந்த ஆட்டமும் காட்டவில்லை. கல்லாக நின்றிருந்துவிட்டு அவளை இறக்கினார். இறக்கியதும் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். வளையல்கள் முழங்கை வரைக்கும் வழுக்கிக்கொண்டு போயின.

"இது உன் எடை இல்லையே. என்னடி பண்ணே?"

"ஒண்ணும் பண்ணலே மாமா."

"பொய் சொல்லாதே. எனக்குத் தெரியும். நான் ஆறு மாசமா உன்னைத் தூக்கிண்டிருக்கேன்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "அன்னிக்கு எல்லாரும் உங்களைப் பாத்துச் சிரிச்சா. இன்னிக்கும் சிரிச்சா எனக்குத் தாங்காது. அதான்..."

மாமா மேடை ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்து, ஜிப்பாக் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். துணிக்குப் பஞ்சமில்லை. ஆனந்தக் கண்ணீர் என்று சுற்றி இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் உடம்பிலிருந்து போனதில் பாதி என் கையில் இருந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் மாமா இலை போட்டுக்கொள்ளவில்லை. அக்காவுக்கு எதிரில் நின்றுகொண்டு, பரிமாறுகிறவரை நகரவிடாமல், ஜாங்கிரிமேல் ஜாங்கிரியாக வைக்கச் சொன்னார். "போறும் மாமா" என்று மாப்பிள்ளை கெஞ்சினார். "நீங்க சும்மா இருங்கோ மாப்பிள்ளை" என்றார் மாமா.

அக்கா வாயில் ஜாங்கிரியோடு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அதான் தூக்கிட்டேளே மாமா. ஊரே பாத்துதே."

"முழுசா உன்னைத் தூக்கியிருப்பேன்டீ" என்றார் மாமா. "என்னால முடிஞ்சிருக்கும்."